உண்டபின்னும் பசிப்பதேன்? உடற்பருமனுக்குக் காரணம் தேடிய வரலாறு

பசியால் வாடுவோனைக் கண்டால் மாந்தர் இரங்குவர். மிகுதியாக உண்டு உடல் பருத்தவனைக் கண்டாலோ பெரும்பாலோர் நகைப்பர்; நகையாதோர் அறிவுரை கூறுவர். "வாயைக் கட்டு" என்பதே அவ்வறிவுரையின் சாரம். வகுப்பறையிற் பருத்த மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டும் பிள்ளைகளும், அவனைத் திருத்த விழையும் பெற்றோரும் ஓர் எண்ணத்தைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். மிகையாக உண்பது மனத்திட்பமின்மையின் விளைவு என்பதே அவ்வெண்ணம். இஃது எவ்வாறு தோன்றியது, எவ்வெவ்வுருக்களில் நிலைபெற்றது, எவ்வாராய்ச்சிகளால் ஆட்டங்கண்டது என்பவற்றைக் காலமுறைப்படி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே இரு வினாக்களை வேறுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஒருவனுடைய உடல் பருப்பது எதனால் என்பது முதலாம் வினா. அவன் தேவைக்கு மிஞ்சி உண்பது எதனால் என்பது இரண்டாம் வினா. முதலாம் வினாவுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐயத்துக்கிடமற்ற விடை கிடைத்தது. இரண்டாம் வினாவுக்கு விடை துலங்கத் தொடங்கியதோ 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். இடைப்பட்ட நூறாண்டுகளில் முதல் வினாவின் விடையையே இரண்டாம் வினாவுக்கும் விடையெனக் கொண்டு அறிஞர் பலரும் மயங்கினர். அம்மயக்கத்தின் பயனைப் பருத்தவர்கள் சுமந்தனர்.

பண்டையோர் கண்டவை

மிகையான பருமன் உடலுக்குத் தீங்கென்பதைப் பண்டை மருத்துவர் நன்கறிந்திருந்தனர். இயல்பிலே மிகப் பருத்தோர் மெலிந்தோரினும் திடீர்ச் சாவுக்கு ஆளாவர் எனும் கருத்து, கிரேக்க மருத்துவரான இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிற் காணப்படுகின்றது. அங்கு 'இயல்பிலே' எனும் சொல் நோக்கற்பாலது. சிலர் பருமனைப் பிறவியிலேயே கொண்டு வருகின்றனர் என்பது அக்காலத்தாருக்கும் புலனாகியிருந்தது.

பாரதநாட்டு ஆயுர்வேத நூலாகிய சரக சங்கிதை இப்பொருளை இன்னும் விரிவாக ஆராய்கின்றது. அதன் சூத்திரத்தானத்து 21ஆம் அத்தியாயம், அளவிறந்த பருமனையும் அளவிறந்த மெலிவையும் எடுத்துக்கொண்டு காரணம் கூறுகின்றது. மிகையான உணவு, இனிப்பும் நெய்ப்பும் மிக்க உணவு, உடலுழைப்பின்மை, பகலுறக்கம், கவலையின்மை ஆகியவற்றோடு வித்தின் இயல்பையும், அஃதாவது பெற்றோர்வழி வரும் தன்மையையும், அந்நூல் ஒரு காரணமாக எண்ணுகின்றது. இதனினும் வியக்கத்தக்கது பின்வரும் விளக்கமாகும். பெருகிய கொழுப்பு உடலின் வழிகளை அடைப்பதால் வாயுவானது வயிற்றினுள்ளே தங்கிச் செரிமானத் தீயை மூட்டுகின்றது; எனவே பருத்தவன் உண்டதை விரைவிற் செரித்து மீண்டும் உணவை வேட்கின்றான் என்பது அந்நூலார் கருத்து. வழிகளும் வாயுவும் பற்றிய பகுதி இன்றைய உடற்றொழிலியலோடு பொருந்தாது. ஆயினும், உண்பதாற் கொழுப்பு மிகுவதுபோலக் கொழுப்பின் நிலையே உணவு வேட்கையையும் மாற்றவல்லது எனும் நுண்ணறிவு அதிற் பொதிந்துள்ளது. பருத்தவனுடைய பசியைப் பொய்யெனத் தள்ளாது, அப்பசிக்கு உடலினுள்ளே காரணம் தேடியமை அவ்வாசிரியரின் பெருமையாகும்.

திருவள்ளுவரும் 'மருந்து' எனும் அதிகாரத்துப் பத்துக் குறட்பாக்களுள் ஆறனை உணவின் அளவு பற்றிய அறிவுரைக்கே ஒதுக்கினார். எல்லார்க்கும் பொதுவானதோர் அளவை அவர் விதிக்கவில்லை. முன்னுண்டது செரித்தமையையும் தன் பசியின் நிலையையும் அறிந்து உண்ணுமாறே பணித்தார். அளவு ஒவ்வொருவர் உடலிலும் உள்ளது என்பது அதன் உட்கருத்து.

நோய் பாவமாகியமை

மேனாட்டிலே கிறித்தவத் துறவியர் பேருண்டி வேட்கையை மருத்துவத்தின் எல்லையிலிருந்து அறத்தின் எல்லைக்குக் கொண்டுசென்றனர். 4ஆம் நூற்றாண்டில் எகித்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியசு என்பார், துறவியைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டனுள் பெருந்தீனியை முதலில் வைத்தார். 6ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாப்பரசராயிருந்த முதலாம் கிரகோரியார் தலையாய தீக்குணங்களின் வரிசையில் அதனைச் சேர்த்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காவியம் பாடிய இத்தாலியப் புலவர் தாந்தே, பெருந்தீனிக்காரரை நரகத்தின் மூன்றாம் வட்டத்திலே ஓயாத குளிர்மழையில் கிடத்தினார்.

ஈண்டு ஒன்றை நடுநிலையோடு கூறல் வேண்டும். அத்துறவியர் கண்டித்தது உணவின்மீதுள்ள பற்றினையேயன்றி உடலின் பருமனையன்று. நேரமறியாது உண்பதும், சுவைமிக்க உண்டியையே நாடுவதும் கிரகோரியாருக்குப் பெருந்தீனியேயாம். ஆதலின் மெலிந்தவனும் அக்குற்றத்துக்கு ஆளாகலாம். பிற்காலத்தாரோ இவ்வேறுபாட்டை மறந்தனர். கண்ணுக்குத் தெரியாத வேட்கையை அளப்பதினும் கண்ணுக்குத் தெரியும் வயிற்றை அளப்பது எளிதன்றோ? பருமனே குற்றத்தின் சான்றாயிற்று.

இப்பழியைத் தம்மீதே ஏற்றுக்கொண்ட மருத்துவர் ஒருவரையும் வரலாறு காட்டுகின்றது. சுகொத்துலாந்திற் பிறந்த யோர்ச்சு செயின் என்பார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிற் குடியேறித் தவறணைகளில் நண்பரோடு உண்டும் குடித்தும் பருத்தார். ஒருமுறை உணவைக் குறைத்து மெலிந்தார். பின்னர் மீண்டும் பருத்து 448 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையை அடைந்தார். ஈற்றிற் பாலும் மரக்கறியுமே உணவாகக் கொண்டு உடல்நலம் பெற்றார். 1733இல் அவர் வெளியிட்ட 'ஆங்கில நோய்' எனும் நூலிலே தம் வரலாற்றை ஒளிவின்றி எழுதினார். செல்வம் பெருகிய நாட்டின் உணவும் சோம்பலுமே அக்கால நோய்கள் பலவற்றுக்குக் காரணம் என்பது அவர் துணிபு. மெலிந்தவர் மீண்டும் பருப்பதேன் எனும் புதிர், அவர் வரலாற்றிலேயே எழுந்துவிட்டது. விடை கிடைக்க இருநூறாண்டுகளுக்கு மேற்சென்றன.

தராசும் உலையும்

அறநூலாரின் தீர்ப்பு ஒருபுறமிருக்க, அளந்தறியும் முறை மற்றொருபுறத்தில் வளர்ந்தது. பதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியரான சந்தோரியோ, தராசிலே தொங்கவிட்ட நாற்காலியொன்றில் அமர்ந்து, தாம் உண்பதையும் கழிப்பதையும் பல்லாண்டுகளாக நிறுத்துவந்தார். 1614இல் அவர் தம் முடிபுகளை வெளியிட்டார். ஒரு நாளில் 8 இறாத்தல் உணவும் பானமும் கொண்டால், அவற்றுள் 5 இறாத்தல் கண்ணுக்குப் புலனாகாத வியர்வையாகப் பிரிந்துவிடும் என்பது அவர் கண்டது. உடலினுள்ளே புகுவதற்கும் வெளியேறுவதற்கும் கணக்குண்டு எனும் எண்ணம் அன்று வேரூன்றிற்று.

அக்கணக்கின் பொருளை விளக்கியவர் பிரான்சிய அறிஞர் இலவோசியே. அவர் இலப்பிளாசோடு சேர்ந்து 1780களிலே கினிப்பன்றியொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து அதன் வெப்பத்தை அளந்து, சுவாசித்தல் என்பது மெதுவாக நிகழும் எரிதலே எனக் காட்டினார். உடல் ஓர் உலையாயிற்று. உணவு அதன் விறகாயிற்று. செருமானியரான உரூப்னர் 1894இல் நாயொன்றை அளந்தும், அமெரிக்கரான அற்வாற்றர் அதனையடுத்த ஆண்டுகளில் மனிதரையே அளவறையில் இருத்தியும், உணவின் சத்திக்கும் உடல் வெளிவிடும் சத்திக்கும் இடையேயுள்ள சமன்பாட்டை நிறுவினர். செலவிடப்படாத சத்தி கொழுப்பாகத் தங்குகின்றது. முதலாம் வினாவுக்கு இதுவே விடை. இதனைப் பிற்கால ஆராய்ச்சி எதுவும் பொய்யாக்கவில்லை.

இதற்கிடையே பொதுமக்களிடையே ஒரு சிறு நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. இலண்டனிலே சவ அடக்கத் தொழில் நடாத்திய வில்லியம் பாண்டிங் என்பார், 1862ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் 202 இறாத்தல் நிறையுடையவராயிருந்தார். குனிந்து காலணியைக் கட்டவும் அவரால் இயலவில்லை. படகு வலித்தும் நீராடியும் நடந்தும் பார்த்தார்; பயன் கிட்டவில்லை. ஈற்றிற் காது கேளாமைக்காக நாடிய மருத்துவர் ஒருவர், பாண், வெண்ணெய், பால், சீனி, உருளைக்கிழங்கு, பியர் ஆகியவற்றை விலக்குமாறு கூறினார். ஓராண்டிலே 46 இறாத்தல் குறைந்தது. 1863இல் அவர் வெளியிட்ட மடல் பல பதிப்புக்களைக் கண்டது. சுவீடிய மொழியில் உணவைக் கட்டுப்படுத்தி மெலிதலைக் குறிக்கும் வினைச்சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. பருமனைப் போலப் பருத்தவரை வருத்தும் நோய் வேறில்லை என்றும், உலகத்தார் பருத்தவரை ஏளனஞ் செய்வது கொடிதென்றும் அவர் வருந்தி எழுதினார்.

அவ்வேளனத்தை அறிவியல் நீக்கவில்லை. சமன்பாடு நிறுவப்பட்டபின் அறிஞர் பலர் கணக்கிலேயே காரணம் முடிந்துவிட்டதெனக் கருதினர். செருமானிய மருத்துவர் வொன் நூடன் 1900இல் வெளியிட்ட நூலிலே, புறக்காரணத்தால் வரும் பருமனையும் அகக்காரணத்தால் வரும் பருமனையும் பிரித்துக் கூறினார். 1930இல் மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர் நியூபேக், தாம் ஆராய்ந்த நோயாளரின் உடல்கள் சத்தியைச் செலவிடுவதிற் குறையெதுவும் கொண்டில எனக் காட்டி, அகக்காரணம் என்பதை மறுத்தார். அவருடைய அளவை சரியானது. அவர் அதனின்று பெற்ற முடிபோ அளவையைக் கடந்தது. நோயாளர் மிகையாக உண்டமையாற் பருத்தனர். மிகையாக உண்டமை கட்டுப்பாடின்மையும் அறியாமையுமே என்று அவர் கொண்டார். கிரகோரியாரின் தீக்குணம் ஆய்வுகூடத்து மேலங்கியை அணிந்து மீண்டும் வந்தது. கிணறு நிரம்பியதேன் என வினவியவனுக்கு, வெளியேறிய நீரினும் புகுந்த நீர் மிகுதி என்று விடை கூறுதல் பிழையன்று. ஆனால் நீர் ஏன் மிகுதியாகப் புகுந்தது என்பதை அவ்விடை கூறாது.

தாய்மேல் விழுந்த பழி

1901இல் வியன்னா மருத்துவர் புரோலிக், கபச்சுரப்பியிற் கட்டியுண்டாகி மிகப் பருத்த சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பிரான்சில் பபின்சுகி என்பாரும் அதற்கு முந்திய ஆண்டில் இத்தகைய நோயாளியைக் கண்டிருந்தார். இவற்றின் பயனாகப் பருத்த பிள்ளைகள் பலருக்குச் சுரப்பிக் கோளாறு என்று பெயரிடும் வழக்கம் மருத்துவரிடையே பரவிற்று.

இட்லரின் ஆட்சி தொடங்கிய 1933இல் செருமனியை நீங்கிப் பின்னர் நியூயோக்கிற் பணியாற்றிய இல்டா புரூக் எனும் பெண் மருத்துவர் இவ்வழக்கத்தை ஆராய்ந்தார். தாம் கண்ட பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்குச் சுரப்பிக் கோளாறு இல்லையென்பதை அவர் நிறுவினார். இது பெருந்தொண்டாகும். ஆயின் அவர் அடுத்து நோக்கியது குடும்பத்தை. அன்புக்கு ஈடாக உணவைத் திணிக்கும் தாயும், அத்தாயைச் சார்ந்தே வளரும் பிள்ளையுமே பருமனின் வேர் என்று 1940ஆம் ஆண்டளவில் அவர் எழுதினார். மனக்கவலையால் உண்போர் உளர் என்பது உண்மையே. எனினும் இக்கொள்கை பரவியபோது, பிள்ளையின் மீதிருந்த பழி தாயின் மீது மாறிற்றேயன்றி நீங்கவில்லை.

மூளையிற் கண்ட திறவுகோல்

புரோலிக்கின் சிறுவனுக்குக் கோளாறு கபச்சுரப்பியிலன்று, அதற்கு மேலே மூளையின் அடிப்பாகத்தில் உள்ளது என்று 1904இலேயே வியன்னாவின் எர்தைம் வாதித்தார். அவர் கூற்றைச் செவிமடுத்தோர் சிலரே. 1940இல் சிக்காகோவிலே கெதரிங்டன், இரான்சன் எனும் இருவர், எலிகளின் மூளையிற் பரிவகக்கீழ் எனப்படும் சிறு பகுதியின் ஓரிடத்தை நுண்ணிய மின்னோட்டத்தால் அழித்தனர். கபச்சுரப்பிக்கு ஊறு நேராதபோதும் அவ்வெலிகள் மிகப் பருத்தன. அடங்காது உண்டமையே அப்பருமனுக்குக் காரணம் என்பதைப் புரொபெக் முதலியோர் 1943இற் காட்டினர். 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதே புரொபெக்கோடு ஆராய்ந்த இந்திய உடற்றொழிலியலறிஞர் ஆனந்து, பரிவகக்கீழின் பக்கப்பகுதியை அழித்தால் எலிகள் உணவை அறவே மறுத்து, உணவு அருகிருக்கவும் பட்டினியாற் சாவதைக் கண்டார்.

இக்காட்சிகளின் முன்னே பழைய தீர்ப்புக்கள் நிற்கமாட்டா. எலிக்குப் பாவமில்லை, அறியாமையாற் கெட்ட பழக்கமுமில்லை, உணவைத் திணிக்கும் தாயுமில்லை. ஆயினும் மூளையின் ஓரிடம் பழுதுற்றால் அது நிறைவறியாது உண்கின்றது. வேறோரிடம் பழுதுற்றால் உண்ணாது மடிகின்றது. பசி என்பது உடல் தானே நடாத்தும் ஆட்சி என்பது தெளிவாயிற்று.

அவ்வாறாயின், உடலிற் கொழுப்பு எவ்வளவு உண்டென்பதை மூளை எங்ஙனம் அறிகின்றது? கொழுப்பிலிருந்தே ஏதோ ஒரு செய்தி குருதிவழியே செல்லல் வேண்டும் என்று 1953இல் கென்னடி எனும் ஆங்கில அறிஞர் கருதினார். 1959இல் ஏர்வி என்பார் இரண்டிரண்டு எலிகளைக் குருதி கலக்குமாறு உடலோடு உடல் இணைத்து, ஒன்றன் பரிவகக்கீழை அழித்தார். அழிக்கப்பட்டது பருத்தது. அதனோடு இணைந்த நலமுள்ள எலியோ உணவை வெறுத்து மெலிந்தது. பருத்த எலியின் குருதியிலிருந்து 'போதும்' எனும் செய்தி பெருகிச் சென்றது. அதனைக் கேட்கவல்ல எலி கேட்டது. கேட்கும் இடத்தை இழந்த எலி கேட்கவில்லை.

இருவகைச் சுண்டெலிகள்

அச்செய்தி யாது என்பதைக் கண்டறிய உதவியவை அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பார் ஆபர் எனும் ஊரிலுள்ள சாக்சன் ஆய்வுகூடத்துச் சுண்டெலிகளாகும். அங்கே 1949இற் பிறந்த சில சுண்டெலிகள், ஏனையவற்றினும் ஏறக்குறைய மூன்று மடங்கு நிறைகொள்ளும் வரையிற் பருத்தன. ஒரு பரம்பரையலகின் விகாரமே இதற்குக் காரணம் என 1950இல் அறிவிக்கப்பட்டது. 1966இல் அதே ஆய்வுகூடத்திலே பருமனோடு கடும் நீரிழிவும் கொண்ட வேறொரு வகை அறிவிக்கப்பட்டது. கனடாவிற் பிறந்த உயிரிரசாயனவியலாரான தக்கிளசு கோல்மன் இவ்விருவகையையும் இணைத்து ஆராய்ந்தார்.

இரண்டாம் வகையை நலமுள்ள சுண்டெலியோடு இணைத்தபோது, நலமுள்ளது உண்ணாது பட்டினியால் இறந்தது. முதல் வகையை நலமுள்ளதோடு இணைத்தபோது, பருத்தது உணவைக் குறைத்து மெலிந்தது. இருவகையையும் ஒன்றோடொன்று இணைத்தபோது, முதல் வகை உண்ணாது மடிய, இரண்டாம் வகை பருத்தே இருந்தது. 1973இற் கோல்மன் வெளியிட்ட முடிபு எளிமையானது. முதல் வகைக்குச் செய்தி அனுப்பும் பொருள் இல்லை. ஆனால் வந்தாற் கேட்கும். இரண்டாம் வகை செய்தியைப் பெருக்கி அனுப்புகின்றது. ஆனாற் கேட்கும் ஆற்றல் அதற்கில்லை. தோற்றத்திலே இரண்டும் ஒன்றே. உண்ணும் வேட்கையிலும் ஒன்றே. காரணமோ ஒன்றற்கொன்று நேர்மாறானது. புறத்தோற்றத்தைக் கண்டு காரணத்தைத் துணிவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

நியூயோக்கிலுள்ள உரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் செபிரி பிரீத்மன் குழுவினர், ஏறத்தாழ எட்டாண்டு உழைப்பின்பின் 1994ஆம் ஆண்டு திசம்பரில் அப்பரம்பரையலகைக் கண்டறிந்து வெளியிட்டனர். அது கொழுப்புக் கலங்களிலே ஒரு புரதத்தை ஆக்குகின்றது. மெலிந்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு இலெப்டின் எனப் பெயரிட்டனர். அதனை ஏற்கும் வாங்கியும் அடுத்த ஆண்டிற் கண்டறியப்பட்டது. இரண்டாம் வகைச் சுண்டெலிகளிற் பழுதுற்றிருந்தது அதுவே. கோல்மனின் கணிப்பு ஒவ்வோரெழுத்தும் மெய்யாயிற்று.

மனிதரிற் கண்டமை

1997இற் கேம்பிரிட்சு மருத்துவர், மிக இளமையிலே கடும் பருமனுற்ற இரு பிள்ளைகளின் குருதியில் இலெப்டின் அறவேயில்லாமையைக் கண்டனர். பிறந்தபோது இருவரும் இயல்பான நிறையினரே. சில திங்களிற் பசி மிகுந்து, உண்டபின்னும் உணவு கேட்டு அழுதனர். அவர்களுள் ஒரு சிறுமி ஒன்பதாண்டு நிரம்பியபோது 94.4 கிலோகிராம் நிறையுடையவளாயிருந்தாள். அவளுக்கு இலெப்டினை நாள்தோறும் ஊசிவழியாகச் செலுத்தியபோது பசி தணிந்தது, ஓராண்டில் 16.4 கிலோகிராம் குறைந்தது. இம்முடிபு 1999இல் வெளியாயிற்று. அச்சிறுமிக்கு எவரும் மனத்திட்பத்தைக் கற்பிக்கவில்லை. குறைந்திருந்த பொருளை அளித்தனர். அடங்காதெனக் கருதப்பட்ட பசி அடங்கிற்று.

இத்தகையோர் மிக அரியர். பருத்தோருட் பெரும்பாலோரின் குருதியில் இலெப்டின் குறைவின்றி மிகுந்தே உள்ளது; அச்செய்தி மூளையிற் போதியவாறு ஏற்கப்படுவதில்லை. ஆகவே அவர்களுக்கு இலெப்டின் மருந்தாகவில்லை. எனினும் பொதுவான உண்மையொன்று பெறப்பட்டது. உடல் தன் கொழுப்பைக் காத்துக்கொள்ள முயல்கின்றது. கொழுப்புக் குறைந்தால் இலெப்டினும் குறைந்து பசி பெருகுகின்றது. 1733இற் செயின் எழுப்பிய புதிருக்கு இதுவே விடை.

இவ்விடைக்கு முன்னரே சான்று தந்த சோதனையொன்றும் உண்டு. 1944ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அச்சோதனையில் மினசோற்றாப் பல்கலைக்கழகத்து ஆன்சல் கீசு, போர் நாடுகளின் பட்டினியைத் தீர்க்கும் வழியறியும்பொருட்டு 36 இளைஞரை 24 கிழமைகளுக்கு அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் மனச்சான்றின் பொருட்டுப் படைச்சேவையை மறுத்து, இச்சோதனைக்குத் தாமே முன்வந்தவர்கள். மனத்திட்பமற்றவர் என்று அவர்களை எவரும் கூறவியலாது. நிறையிற் காற்பங்கினை இழந்த அவர்கள் உணவையே பேசினர். சமையல் நூல்களைத் தேடி வாசித்தனர். கட்டுப்பாடு நீங்கியபோது வயிறு நிரம்பியும் நிறைவின்றிப் பன்னாட்கள் உண்டு, பலர் முன்னிருந்ததினும் மிகுந்த கொழுப்பைப் பெற்றனர்.

விதியும் வீதியும்

எல்லாம் பிறப்பின் பயனாயின் முயற்சிக்கு இடமேது எனும் வினா ஈண்டெழும். பரம்பரையின் வலிமை பெரிது என்பதில் ஐயமில்லை. தென்மார்க்கிலே தத்துக்கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்த இசுற்றங்காட்டு என்பார், அவர்களின் பருமன் பெற்றோரின் பருமனோடு பொருந்துவதையும், வளர்த்தோரின் பருமனோடு பொருந்தாமையையும் 1986இற் காட்டினார். கனடாவிற் புசார் என்பார் 12 இணை ஒத்த இரட்டையருக்கு 84 நாட்கள் நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரியை மிகையாக அளித்தார். ஒருவர் 4.3 கிலோகிராம் கூட, வேறொருவர் 13.3 கிலோகிராம் கூடினார். இரட்டையர் இருவரோ ஏறத்தாழ ஒத்தே கூடினர்.

ஆயினும் ஒரு மக்களினத்தின் பரம்பரையலகுகள் ஐம்பதாண்டுகளில் மாறா. அவ்வைம்பதாண்டுகளிலே உலகெங்கும் பருமன் பெருகியது, மாறிய சூழலினாலேயாம். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிற் கெவின் ஓல் என்பார், 20 பேருக்கு இரு கிழமை தொழிற்சாலையில் மிகப் பதப்படுத்திய உணவையும், இரு கிழமை பதப்படுத்தாத உணவையும் அளித்தார். அளிக்கப்பட்ட உணவுகளிற் சத்தி, சீனி, கொழுப்பு, நார் ஆகியன ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ண உரிமையுமிருந்தது. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கிலோகலோரி மிகையாக உண்டு 0.9 கிலோகிராம் கூடினர். மற்றையதன்போது அவ்வளவே குறைந்தனர். அதே மனிதர், அதே மனத்திட்பம். உணவு மட்டுமே வேறு.

இது நம் நாட்டுக்கும் உரியதே. தென்னாசியர் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாவர் என்பது அறியப்பட்டமையால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்து அறிஞர் குழு ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி 23 எனும் நிலையிலேயே எச்சரிக்கை வேண்டும் என்றது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறக்குறைய பத்துப்பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் எனக் காட்டிற்று. மிதிவண்டி நின்ற முற்றத்தில் மோட்டார்ச் சைக்கிள் நிற்கின்றது. குரக்கனும் ஒடியலும் இருந்த அடுக்களையிற் பொதிசெய்த உணவு இருக்கின்றது. பழைய உடல் புதிய சூழலிலே வாழ்கின்றது.

முடிவுரை

பருத்தவனை நோக்கி உலகம் பாவி என்றது, கணக்கறியாதவன் என்றது, தாயாற் கெட்டவன் என்றது. ஒவ்வொரு தீர்ப்பையும் பொறுமையோடு அளந்த சிலரின் உழைப்பு மாற்றிற்று. 2021இல் அமெரிக்காவிற் பருமனுக்கெனப் பெரியோர்க்கு அனுமதிக்கப்பட்ட செமகுளூட்டைட்டு எனும் மருந்து, குடலிற் சுரக்கும் ஓமோனொன்றைப் போன்று மூளையிற் செயற்பட்டுப் பசியைத் தணிக்கின்றது. அதனைப் பெற்றோர் பலர், உணவைப் பற்றிய ஓயாத எண்ணம் நீங்கியது என்கின்றனர். பிறர் பெற்றிருந்த அமைதியைத் தாமும் அன்றே அறிந்தனர் போலும். மெலிந்தவர் தம் மெலிவை அறமெனப் பெருமைகொள்வது எத்துணைப் பொருந்தும் என்பதை இஃது ஆராயச் செய்கின்றது.

அளவோடு உண்ணலும் உடலுழைத்தலும் நன்று என்பதை இவ்வரலாறு மறுக்கவில்லை. ஒருவனுக்கு எளிதாகிய அது மற்றொருவனுக்கு மலையேற்றமாகலாம் என்பதையே உணர்த்துகின்றது. ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஈண்டொரு கடமையுண்டு. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்பது, விளையாட்டிடத்தில் எவரைச் சேர்ப்பது என்பன நம் கையில் உள்ளவை. ஓட்டப்பந்தயத்தில் ஈற்றில் வரும் பருத்த மாணவன் ஏனையோரினும் மிகுந்த சுமையைச் சுமந்து அதே தொலைவை ஓடி முடித்தவன். அவனை நோக்கி எழும் நகைப்பை அடக்குதல், அறிவியல் கற்ற அவையினர் செய்யத்தக்க முதற் செயலாகும்.